பி.ஆர்.பி. ஓராண்டு: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பயிற்சி மருந்தாளராகச் சேர்பவர்களுக்கு

மருந்தியல் பட்டம் கையில் வந்தாலும் மலேசியாவில் உடனே மருந்தாளராகத் தொழில் செய்ய முடியாது. 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்படி முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஓராண்டுப் பயிற்சி, மருந்தியல் சட்டத் தேர்வு, அதன் பின்தான் முழுப் பதிவு. இந்த ஓராண்டில் இருப்பவரைத்தான், அதாவது தற்காலிகப் பதிவு பெற்ற மருந்தாளரைத்தான், எல்லாரும் பி.ஆர்.பி. என்கிறார்கள்.

இந்த ஆண்டில் மருந்தியல் தெரியாமல் தடுக்கி விழுபவர்கள் குறைவு. தாள், தேதி, கையெழுத்து ஆகிய மூன்றில்தான் மாதக்கணக்கில் காலம் போகிறது. எது மெதுவாக நகருமோ அதை முதலில் தொடங்குங்கள். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான்.

1. கடைசி செமஸ்டரிலேயே கோப்பைத் தயார் செய்யுங்கள்

பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம். தேர்வு முடிவு வந்து பல்கலைக்கழக செனட் ஒப்புதல் தந்ததும், படிப்பை நிறைவு செய்ததற்கான கடிதம் ஒன்று தருவார்கள். விழாவுக்குச் சில மாதங்கள் முன்பே இது கிடைத்துவிடும். அந்தக் கடிதத்தையும் முழு மதிப்பெண் பட்டியலையும் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்காதவர்களுக்கு அது தானாக வீடு தேடி வராது.

கோப்பில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். சான்றிதழ், எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் அல்லது ஃபவுண்டேஷன் சான்றிதழ், செனட் கடிதம், மதிப்பெண் பட்டியல், கடப்பிதழ் அளவுப் படங்கள். ஒவ்வொன்றையும் நேராக ஸ்கேன் செய்து தனித்தனி கோப்பாகச் சேமியுங்கள். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தை, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் போச்சு. சான்றளித்த நகல் ஒவ்வொன்றிலும் மூன்று வைத்துக்கொள்ளுங்கள். யார் சான்றளிக்கலாம் என்ற குறிப்பு படிவத்திலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுப் போனால் ஒரே நடையில் வேலை முடியும். முத்திரையில் பெயரும் பதவியும் தெளிவாக விழவில்லையென்றால் அந்த நகல் செல்லாத நகல்தான்.

நம்மவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது: பெயர். அடையாள அட்டையில் "ஏ/எல்" (மகன்) அல்லது "ஏ/பி" (மகள்) சேர்த்து அப்பா பெயர் இருக்கும். வெளிநாட்டில் படித்தவரின் பட்டத்தில் அது "எஸ்/ஓ" என்று மாறியிருக்கும், அல்லது வெறும் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு "எச்" கூடுதலாக இருப்பதும் உண்டு. மூன்று ஆவணமும் ஒரே ஆளுடையவைதாம் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு, அதையும் கோப்பில் சேருங்கள். யாராவது கேட்ட பிறகு ஓடுவதைவிட இது எளிது.

வெளிநாட்டுப் பட்டமென்றால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட பட்டமும் மருந்தியல் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா, நீங்கள் சேர்ந்து படித்த காலத்துக்கும் அந்த அங்கீகாரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். "சீனியர் அங்கேதான் படித்தார், அவருக்குக் கிடைத்தது" என்பதை யாரும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள்.

2. ஹெபடைடிஸ் பி: எட்டு மாதம் எடுக்கக்கூடிய வேலை

பலர் கடைசியில் நினைப்பது இது. ஆனால் எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வதும் இதுதான்.

மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே உங்களுக்கும் போட்டிருப்பார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு குறைந்திருப்பது சாதாரணம். முதலில் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்யுங்கள். அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த அறிக்கையைக் கோப்பில் வையுங்கள், வேலை முடிந்தது. அதற்குக் கீழே இருந்தால் ஒரு கூடுதல் ஊசி. ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனை. தடுப்பூசியே போடாதவர் முழுச் சுற்றும் போட வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதன்பின் சோதனைக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம். மொத்தத்தில் ஏழெட்டு மாதம். இதை இறுதியாண்டின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை அம்மாவின் அலமாரியில் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

வேலைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை வேறு, இது வேறு. அதற்கு வேலை தரும் இடம் கொடுக்கும் படிவத்தில்தான் மருத்துவர் எழுத வேண்டும்; பொதுவான மருத்துவச் சான்றிதழோடு போனால் திரும்ப அனுப்புவார்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் அதில் இருக்கும். வழக்கமாக மருந்து எடுப்பவராக இருந்தால், சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்துவிட்டுப் போய் ஓப்பியேட் சோதனையில் நேர்மறை வந்தால், விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சேரும் தேதி கடந்துவிடும்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: அரசா, தனியாரா

அரசு மருத்துவமனையில் இடம் வேண்டுமென்றால் ஒப்பந்த அடிப்படையில் நியமனம் செய்கிறார்கள். 2016 முதல் இதுதான் நடைமுறை. விண்ணப்பத்திலிருந்து இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு இருக்கும். அந்த இடைவெளியில் வேறு வேலை செய்யலாம், ஆனால் அது பயிற்சிக் கணக்கில் சேராது. அரசு நியமனத்துக்கு எஸ்.பி.எம். மலாய்மொழித் தகுதியைப் பார்ப்பார்கள். மலாய்மொழியில் தேவையான தரம் இல்லாதவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். இதையும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள், அந்தத் தேர்வு நாம் கேட்கும் மாதத்திலெல்லாம் நடப்பதில்லை.

தனியார் மருத்துவமனை, பார்மசிக் கடை, மருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றிலும் பயிற்சி பெறலாம். நிபந்தனை ஒன்றுதான்: அந்த இடம் பயிற்சிக்கென்று வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஒரு நிறுவனத்துக்குப் பத்துக் கிளைகள் இருக்கலாம். அதில் எந்தக் கிளைக்கு அங்கீகாரம் என்பதுதான் கேள்வி. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் அந்தக் கிளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, அங்கே பிரிசெப்டர் (பயிற்சியை மேற்பார்வை செய்யும் மருந்தாளர்) யார், இந்த ஆண்டுக்கு இடம் காலியா என்று பாருங்கள். நேர்முகத்தில் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். நல்ல இடம் இந்தக் கேள்வியை வரவேற்கும்.

கடைப் பயிற்சியில் ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் பயிற்சி மருந்தாளரைக் காசாளராகவும் அலமாரி அடுக்குபவராகவும் வைத்துவிடுவார்கள். வேலைக் கடிதத்தில் பயிற்சித் திட்டம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாதத்தில் எந்தப் பிரிவு என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியாத இடம், பிறகும் சொல்லித் தராது. வேலை நேரம், சனி ஞாயிறு, கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு), விடுப்பு, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா என்ற பிணை விதி ஆகிய ஆறையும் கடிதத்தில் தேடுங்கள்.

எது நல்லது என்று கேட்டால், பிற்காலத்தில் சொந்தக் கடை வைக்க நினைப்பவரும் பெரிய அரசு மருத்துவமனையில் ஓராண்டு இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. வார்டு, கலவை அறை, இரத்த மருந்தளவுக் கண்காணிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் அங்கேதான் கிடைக்கும். கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளி எண்ணிக்கை அதிகம். கை வேகமாகப் பழகும், கால் வலிக்கும். பினாங்கின் பெருநிலப் பக்கம் உள்ள செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைகள் போன்றவற்றில் மூத்தவர்களிடம் நின்று கேள்வி கேட்கச் சற்று நேரம் கிடைக்கலாம். தொழிற்சாலைப் பக்கமே போவது உறுதி என்றால், தொழிற்சாலையிலேயே தொடங்குவதில் தவறில்லை.

4. தற்காலிகப் பதிவு: இது இல்லாமல் ஒருநாளும் வேலை செய்யாதீர்கள்

பதிவு மருந்தியல் வாரியத்திடம், இணையவழியில். பயிற்சி இடம் உறுதியான கடிதம், மேலே சொன்ன ஆவணங்கள், கட்டணம் எல்லாம் ஒரே தடவையில் சேர்ந்திருந்தால் வேகமாக நகரும். கட்டண ரசீதைப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமியுங்கள், வங்கிச் செயலியில் பழைய பரிவர்த்தனையைத் தேடுவது பெரிய தொல்லை.

தற்காலிகப் பதிவுக்கு முந்திய நாட்கள் பயிற்சியாகக் கணக்கில் சேராது. "சான்றிதழ் வந்துகொண்டேயிருக்கிறது, நாளைக்கே வந்து பழகுங்கள்" என்று கடைக்காரர் சொன்னாலும் போகாதீர்கள். சட்டப்படி உங்களுக்கு அங்கே மருந்தாளராக எந்த நிலையும் இல்லை. பதிவுக்குப் பிறகும் அது பயிற்சிக்கான பதிவு மட்டுமே. மேற்பார்வை செய்யும் முழுப் பதிவு மருந்தாளர் இல்லாத நேரத்தில் நச்சுப்பொருள் சட்டத்தின் பி வகை மருந்தை (மருத்துவர் சீட்டுக்குக் கொடுப்பதை) நீங்கள் தனியாகக் கொடுக்கக் கூடாது. மருந்தாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார் என்றால், அந்தச் சீட்டு அவர் வரும்வரை காத்திருக்கும். வாடிக்கையாளர் கோபப்படுவார், படட்டும்.

5. பணமும் வீடும்

முதல் சம்பளம் முதல் மாதத்தில் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மாத இறுதியை ஒட்டிச் சேர்ந்தாலோ, வங்கிக் கணக்கு விவரம் தாமதமாகப் போனாலோ, அடுத்த மாதத்தில் சேர்த்துத்தான் கிடைக்கும். இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

வாடகைக்கு வழக்கம் இதுதான்: இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 600 ரிங்கிட் அறை என்றால் 1,200, 300, 600 சேர்த்து நுழையும் நாளில் 2,100 ரிங்கிட். ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வை கட்டுங்கள். அறையின் சுவர், குளிரூட்டி, மீட்டர் எண் ஆகியவற்றை முதல் நாளே படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்ப வாங்கும் நாளில் அதுதான் பேசும்.

கோலாலம்பூரில் ரயிலை நம்பி இடம் தேடலாம். கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அதன் பெயரிலேயே எம்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையம். குடிமக்களுக்கான மை50 அட்டை மாதம் 50 ரிங்கிட்டில் ரேப்பிட் கே.எல். ரயிலையும் பேருந்தையும் கவர் செய்யும். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது ரயில் இருக்காது. அந்த நாட்களுக்கு வாடகைக்கார் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பினாங்கில் கேள்வியே வேறு: தீவா, பெருநிலமா? பாலத்தில் தீவுக்குப் போகும் திசையில்தான் சுங்கம். காருக்கு ஒரு தடவை 5.74 ரிங்கிட், மாதம் 22 வேலைநாள் என்றால் சுமார் 126 ரிங்கிட். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் சுங்கம் இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் பாலத்தின் நடுவே காற்று எப்படி அடிக்கும் என்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நெரிசல் காலை எட்டு மணிக்குத்தான் உச்சம். கவுண்டர் திறப்பதும் அதே நேரம். வேலையிடம் எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையிலேயே தங்குவது புத்திசாலித்தனம்.

பி.டி.பி.டி.என். (அரசு உயர்கல்விக் கடன்) இருப்பவர்கள் திருப்பிக் கட்டத் தொடங்கும் மாதத்தை இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். பயிற்சியாண்டின் நடுவில் அது வந்து நிற்கலாம்.

6. முதல் வாரம்

அரசு இடமென்றால் சேரும் நாளில் படிவக்கட்டு ஒன்று கொடுப்பார்கள்: அரசு இரகசியச் சட்ட உறுதிமொழி, ஆக்கு ஜாஞ்சி எனும் ஒழுங்கு உறுதிமொழி, சொத்து அறிவிப்பு, கே.டபிள்யூ.எஸ்.பி. எண், வருமான வரி எண், வங்கிக் கணக்கின் முதல் பக்கம். வரி எண் இல்லாதவர்கள் முந்திய வாரமே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கறுப்பு மைப் பேனா இரண்டு.

பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் முதல் வாரத்திலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவுச் சுழற்சி அட்டவணை என்ன? எத்தனை நாள் விடுப்பு எடுத்தால் பயிற்சி நீளும்? ஒவ்வொரு பிரிவிலும் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) யார் கையெழுத்திட வேண்டும்? இரண்டாவது கேள்வியை எட்டாவது மாதத்தில், தீபாவளி விடுமுறை விண்ணப்பத்தோடு கேட்பவர்கள்தான் அதிகம்.

7. லாக் புக்: அன்றைய கையெழுத்து அன்றே

லாக் புக்கில் ஒவ்வொரு பிரிவுக்கும் செய்து முடிக்க வேண்டிய வேலைகளும் எண்ணிக்கைகளும் அச்சிட்டிருக்கும். பத்து நோயாளிக்கு ஆலோசனை என்றால் பத்து, ஒன்பது போதாது. இதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றே: "பிரிவு முடியும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்." அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை பிரிசெப்டர் விடுப்பில் இருப்பார், அல்லது வேறு மருத்துவமனைக்கு மாறியிருப்பார். மாறிப் போனவரைத் தேடி ஈப்போவரை பஸ் பிடிப்பது நடக்கிற கதைதான்.

சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். தேதி, நோயாளியின் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கம், மருந்து, என்ன செய்தீர்கள், யார் பார்த்தார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். நோயாளியின் பெயரையோ அடையாள அட்டை எண்ணையோ எழுதவே கூடாது; குறிப்பேடு பேருந்தில் தொலையும். வாரக் கடைசியில் அந்த வரிகளை லாக் புக்கில் ஏற்றி, திங்கள் காலை கவுண்டர் சூடேறுமுன் கையெழுத்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். காப்பி கொட்டிய லாக் புக்குக்கு மறுபிறவி கிடையாது.

அரிய வேலைகளை முதலில் பிடியுங்கள். வெளிநோயாளி கவுண்டரில் எண்ணிக்கை தானே நிரம்பும். சிரைவழி ஊட்டக் கலவை, மருந்து நச்சுத் தகவல் கேள்வி, பக்கவிளைவு அறிக்கை போன்றவை வரும்போதுதான் வரும். வந்த அன்று நீங்கள் மதிய உணவில் இருந்தால் அடுத்த மூன்று வாரம் வராமலும் போகலாம். "இப்படி ஒரு கேஸ் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று அந்தந்தப் பிரிவில் சொல்லி வையுங்கள்.

8. பிரிவுகளில் எங்கே சறுக்கும்

வெளிநோயாளி கவுண்டர்: சீட்டு வந்ததும் கை மாத்திரைக்குப் போகக் கூடாது, கண் முதலில் சீட்டைப் படிக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை எண் என்று இரண்டு அடையாளம். ஒவ்வாமை. பிறகு எழுதியவரின் தகுதி: சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வகை உண்டு. ஏ நட்சத்திரம் என்றால் குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் நிபுணர் எழுதலாம், ஏ என்றால் நிபுணர், பி என்றால் மருத்துவ அதிகாரி, சி என்றால் துணை மருத்துவப் பணியாளர். ஏ வகை மருந்தை மருத்துவ அதிகாரி தனியாக எழுதியிருந்தால் வார்டுக்கு போன் போட வேண்டும். போனில் மலாயில் முதல் வாக்கியத்திலேயே நோயாளி, மருந்து, பிரச்சினை, உங்கள் பரிந்துரை நான்கையும் சொல்லப் பழகுங்கள். "டாக்டர், இது சரியா?" என்று மட்டும் கேட்டால் "சரிதான்" என்று வைத்துவிடுவார்கள்.

குழந்தைக்கான கணக்கில் எடையும் மருந்தின் செறிவும் இரண்டும் கண்ணில் பட வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 7.5 மில்லி. அதே வீட்டில் கடையில் வாங்கிய 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் சிரப் இருந்து, அதிலும் 7.5 மில்லி ஊற்றினால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். "வீட்டில் வேறு காய்ச்சல் மருந்து இருக்கிறதா?" என்று கேட்காமல் பாட்டிலை நீட்டாதீர்கள்.

தமிழ் பேசும் முதியவர்கள் உங்களைப் பார்த்ததும் உங்கள் வரிசைக்கே வந்து நிற்பார்கள். லேபிளில் "செலெபாஸ் மாக்கான்" (சாப்பிட்ட பிறகு) என்று மலாயில் இருக்கும்; தலையாட்டுவார்கள், படிக்கத் தெரியாது. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று பேனாவால் வரைந்து கொடுங்கள். "புரிஞ்சுதாம்மா?" என்றால் எல்லாரும் "புரிஞ்சுது" என்பார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்கம்மா, சொல்லிக் காட்டுங்க" என்று கேளுங்கள். இன்சுலின் போடுபவரிடம் விரதம் இருப்பாரா என்று தவறாமல் கேளுங்கள், முக்கியமாகத் தைப்பூசத்துக்கு முன்னால். சாப்பிடாமல் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. கேட்டுச் சொல்லி அனுப்புவது உங்களுடையது.

வார்டு: மருந்து வரலாறு எடுக்கும் சி.பி.1 படிவமும் சிகிச்சை மீளாய்வு சி.பி.2 படிவமும் கையோடு இருக்கட்டும். வரலாறு எடுக்கும்போது நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலிமாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்றால் "இல்லை" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அதெல்லாம் மருந்தே இல்லை.

இரத்த மருந்தளவுக் கண்காணிப்பு: இங்கே பாதிப் பிழை கணக்கில் இல்லை, இரத்தம் எடுத்த நேரத்தில் இருக்கிறது. வான்கோமைசினுக்கு அடுத்த டோஸுக்கு அரை மணி முன்னால் எடுக்க வேண்டும். டிகாக்சின் கொடுத்து ஆறு மணி நேரமாவது ஆக வேண்டும். படிவத்தில் எழுதிய நேரமும் உண்மையில் எடுத்த நேரமும் ஒன்றா என்று செவிலியரிடம் கேட்டுவிட்டே கால்குலேட்டரைத் தொடுங்கள். ஃபெனிட்டோயினில் அல்புமின் குறைவாக இருந்தால் திருத்திய அளவு வேண்டும்: அளந்த அளவை, அல்புமினை 0.2ஆல் பெருக்கி 0.1 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். அளந்தது லிட்டருக்கு 8 மில்லிகிராம், அல்புமின் 25 என்று வைப்போம். 25 என்பது லிட்டருக்குக் கிராம். சூத்திரம் கேட்பது டெசிலிட்டருக்குக் கிராம், அதாவது 2.5. எட்டை 0.6ஆல் வகுத்தால் 13.3, சரியான வரம்புக்குள். அலகை மாற்றாமல் 25ஐயே போட்டால் 1.6 வரும், அதை நம்பி டோஸைக் கூட்டச் சொன்னால் நோயாளி தள்ளாடி விழுவார். மருந்தளவு மைக்ரோமோலில் வந்திருந்தால் முதலில் 3.96ஆல் வகுத்து மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள்.

கலவை அறை: மோதிரம், கைக்கடிகாரம், கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் வெளியில். கயிற்றை அறுக்க மனமில்லாதவர்கள் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், உடை மாற்றும் அறையில் வைத்து வாதாட வேண்டாம். புற்றுநோய் மருந்து கலக்கும் சுழற்சிக்கு முன் கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயல்பவர்கள், பாலூட்டுபவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சுழற்சியை மாற்றித் தருவார்கள்.

மருந்துக் கிடங்கைச் சலிப்பான இடம் என்று நினைப்பார்கள். காலாவதி தேதி, குளிர்ப்பெட்டியின் 2 முதல் 8 டிகிரி, இருப்புக் கணக்கு மூன்றும் இங்கேதான் பழக வேண்டும். பின்னாளில் கடை வைப்பவரின் லாபமும் நட்டமும் இந்த மூன்றில்தான்.

9. சட்டத் தேர்வு

ஐந்து சட்டங்கள்: மருந்தாளர் பதிவுச் சட்டம் 1951, நச்சுப்பொருள் சட்டம் 1952, மருந்து விற்பனைச் சட்டம் 1952, ஆபத்து நிறைந்த போதைப்பொருள் சட்டம் 1952, மருந்து விளம்பர விற்பனைச் சட்டம் 1956. இவற்றின் கீழ் வரும் விதிமுறைகளும் சேரும். மருந்துப் பதிவும் அழகுசாதன அறிவிப்பும் 1984ஆம் ஆண்டு விதிமுறையில் இருக்கின்றன. அது மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் வருவது. இதை நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் என்று எழுதுபவர்கள் ஏராளம்.

சட்டத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒரு பெரிய தாளில் மருந்துகளை வைத்துப் படியுங்கள். மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில் ஒரு பக்கம்: போதைப்பொருள் சட்டம். டயஸபாம், மிடாஸோலம், புப்ரெனார்ஃபின் மறுபக்கம்: நச்சுப்பொருள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மனநிலை மாற்றிகளுக்கான 1989 விதிமுறை. ஒவ்வொன்றுக்கும் யார் எழுதலாம், எங்கே பதிவு, எங்கே பூட்டு என்று நிரப்பினால் பாதித் தேர்வு முடிந்தது. விளம்பரச் சட்ட அட்டவணையில் 20 நோய்கள்: நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், மலட்டுத்தன்மை என்று போகும். தமிழ் வானொலியில் கேட்கும் "மூன்றே மாதத்தில் சர்க்கரைக்கு விடுதலை" பாணி விளம்பரத்தை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

முதல் வாய்ப்பிலேயே எழுதுங்கள். கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்துத் தவறினால், பயிற்சி முடிந்தும் முழுப் பதிவு இல்லாமல் அடுத்த தேர்வுக்குக் காத்திருக்க வேண்டிவரும். சட்ட நூல்களில் திருத்தங்கள் சேர்ந்த புதிய பதிப்பைப் பயன்படுத்துங்கள். சீனியர் கொடுத்த பழைய நகலில் அபராதத் தொகை மாறியிருக்கலாம்.

10. முழுப் பதிவு

பத்தாவது மாதத்தில் லாக் புக்கை எடுத்து வெற்றுக் கட்டங்களை எண்ணுங்கள். இரண்டு மாதத்தில் நிரப்பக்கூடியவை எவை, வேறு மருத்துவமனைக்கு ஒரு வாரம் அனுப்பினால்தான் நிரம்பும் என்பவை எவை என்று பிரித்து, ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். அந்த ஒரு வார இணைப்புக்குக் கடிதப் போக்குவரத்தே சில வாரம் எடுக்கும்.

பதினோராவது மாதத்தில் பிரிசெப்டரின் மதிப்பீட்டு அறிக்கை எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று கேளுங்கள். பயிற்சி திருப்தியாக இல்லையென்றால் காலத்தை நீட்டிக்க இடமுண்டு. ஆகவே எந்தப் பிரிவிலாவது அதிருப்தி இருப்பதாகத் தெரிந்தால் அப்போதே நேரில் கேட்டுச் சரிசெய்யுங்கள்; அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

எல்லாம் கூடியதும் முழுப் பதிவு விண்ணப்பம். பதிவுச் சான்றிதழ் வந்த கையோடு வேலை தொடங்கிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் செய்ய ஆண்டுச் சான்றிதழ் தனியாக வேண்டும். அது டிசம்பர் 31இல் முடிந்துவிடும். நவம்பரில் முழுப் பதிவு கிடைப்பவர்கள் ஓரிரு மாதத்துக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று இரண்டு தடவை கட்ட நேரலாம். பயிற்சி எந்த மாதத்தில் முடியும் என்று சேரும் நாளிலேயே எண்ணிப் பார்த்தவர்கள் இந்தச் செலவைக் கண்டு திகைப்பதில்லை. முழுப் பதிவுக்குப் பின் வரும் ஓராண்டுக் கட்டாயச் சேவைக்கான இடமாற்றக் கடிதம் வேறு ஊருக்கு வந்தால், அறை ஒப்பந்தத்தை முறிக்க இரண்டு மாத அறிவிப்பு தேவைப்படலாம். வாடகை ஒப்பந்தத்தில் "அரசு இடமாற்றம் நேர்ந்தால் ஒரு மாத அறிவிப்பு போதும்" என்ற வரியை முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.